தொட்டபெட்டாவின் மேல் தொட்டபெட்டா!

"உங்களுக்கு இப்போது என்ன வயசாகிறது?" என்று கேட்டாள் என் மனைவி.

பதில் தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல அது. என் ஜாதகமே அவளுடைய பெட்டியில்தான் இருக்கிறது. மேஜை மேல் நான் விரித்து வைத்திருந்த நேபாள தேசத்துப் படத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு எழுந்த சந்தேகம் அது.

"ஐம்பத்தெட்டு" என்றேன், கொஞ்சம் தணிந்த குரலில்.

"போன வருஷம் பட்டது போதாதா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், போன வருஷம் பட்டதுதான் இந்த வருஷம் என்னை மறுபடியும் அந்தப் படத்தை விரிக்க வைத்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலையைச் சுற்றி ஒரு பிரதட்சிணம்

இமயமலைக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், சிகரத்தில் கொடி நாட்டப் போகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அதெல்லாம் வேறு ஜாதி மனிதர்கள் செய்கிற காரியம். நான் சொல்வது நடைப் பிரயாணம். நேபாளத்திலுள்ள அன்னபூர்ணா மலைத் தொகுதியைச் சிகரம் எதிலும் ஏறாமல் சுற்றி வருவது. 1977-ம் ஆண்டில் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்ட பாதை இது. மர்ஸ்யாங்தி நதியின் கரையோடு கிழக்குப் பக்கமாக ஏறி, தொரங் லா என்ற கணவாயைத் தாண்டி, மேற்குப் பக்கம் காளி கண்டகி நதியின் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும்.

அந்தக் கணவாயின் உயரம் 5,416 மீட்டர். இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் புரியும். உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறிப் பார்க்கும் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஒரு தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்து, அதன் மேலும் 140 மீட்டர் ஏறினால் தொரங் லா வரும்!

கணவாயைத் தாண்டி இறங்கினால் முதலில் வருவது முக்திநாத். நம் ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்னும் திவ்ய தேசம் அதுதான். 108 திருப்பதிகளில் ஒன்று. என் தாயார் கடைசி வரையில் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்க முடியாமலே போன ஸ்தலம். ஆகவே, மலை சுற்றுகிற ஆசையும் தாயாரின் ஆசையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

மூன்றே நாளில் மேகத்துக்குள்

2022-ம் ஆண்டு அக்டோபரில் நானும் என் மனைவியின் தம்பியும் புறப்பட்டோம். அவனுக்கு நாற்பத்தொரு வயது. மாரத்தான் ஓட்டக்காரன். அதிகாலையில் கடற்கரையில் அவன் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். எனக்கோ பாங்கி உத்தியோகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து சம்பாதித்த தொப்பை. 'என்னால்தான் இவனுக்குத் தொல்லை வரப்போகிறது' என்று எண்ணிக்கொண்டேன்.

எங்களிடம் இருந்தது மொத்தம் பத்து நாள் லீவு. அந்தப் பாதையை முறையாக நடக்க அது போதாது. ஆனால் இப்போதுதான் மலைக்குள் ஜீப் பாதை போட்டுவிட்டார்களே! சுமார் 760 மீட்டர் உயரத்திலுள்ள பெசிசஹாரில் ஜீப்பில் ஏறினோம். அன்று மாலை 2,670 மீட்டரில் சாமே. மறுநாள் மாலை 3,540 மீட்டரில் மனாங். மூன்றாம் நாள், வழியில் யாக் கர்க்கா என்ற இடத்தில் தங்காமல், ஒரே நடையாக நடந்து கணவாயின் அடிவாரமான தொரங் பேடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அது சுமார் 4,450 மீட்டர்.

"பார்த்தீர்களா, அத்தான்! நான்கு நாள் மிச்சம் பண்ணிவிட்டோம்" என்றான் மைத்துனன், பெருமையாக.

அன்று மாலையே அவனுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றான். எட்டு மணிக்கு வாந்தி. 'அஜீரணம்' என்று அவன் சொன்னான். நானும் நம்பினேன், நம்ப விரும்பினேன் என்பதே உண்மை. பதினோரு மணி சுமாருக்கு வெளியே போவதற்காக எழுந்தவன், குடித்தவனைப் போலத் தள்ளாடிச் சுவரில் மோதிக்கொண்டான். "இது எந்த ஊர்?" என்று என்னைக் கேட்டான்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கை கால் சில்லிட்டுப் போயிற்று.

விடுதிக்காரர் வந்து விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தார். தரையில் பலகையின் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேராக நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவன் சாய்ந்துவிட்டான். "கீழே போக வேண்டும். காலையில் அல்ல, இப்போதே!" என்றார் அவர்.

அந்த இருட்டில், உறைபனியில், கற்கள் உருளும் சரிவில், விடுதிக்காரரின் மகன் விளக்குடன் முன்னால் போக, நானும் இன்னொருவரும் அவனைத் தோளில் தாங்கி இறக்கினோம். யாக் கர்க்காவுக்கு வந்தபோது அதிகாலை. நானூறு மீட்டர்தான் இறங்கியிருந்தோம்; ஆனால் அவனுக்குத் தன் பெயரும் என் பெயரும் ஞாபகம் வந்துவிட்டன. விடிந்ததும் குதிரை பிடித்து மனாங்குக்குக் கொண்டுபோனோம். அங்கே இமாலய மீட்புச் சங்கத்தாரின் வைத்திய நிலையம் ஒன்று இருக்கிறது. பருவ காலத்தில் டாக்டர்கள் வந்து தங்குகிறார்கள். பரிசோதித்த டாக்டர், மூளையில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது என்றும், விடியட்டும் என்று காத்திருந்தால் விடிந்தும் பயன் இருந்திராது என்றும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் என் மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் தாங்கவில்லை.

ஓட்டக்காரன் விழுந்தான், தொப்பைக்காரன் நின்றான்

இது எப்படி நேர்ந்தது? அடுத்த எட்டு மாதம் இதைத்தான் படித்தேன். எங்கள் குடும்ப டாக்டரை ஓயாமல் தொந்தரவு செய்தேன்.

உயரத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை. கடற்கரையிலும் 21 சதவிகிதம்தான். தொரங் லாவிலும் 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கணவாயின் உச்சியில் அது ஏறக்குறையப் பாதி. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது பாதிச் சம்பளம்!

பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த உடம்பு கற்றுக்கொள்ளும். மூச்சு வேகமாகும். அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாறுதலைச் சிறுநீரகங்கள் சரிக்கட்டும். பிறகு ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் பெருகும். ஆனால் முதல் வேலைக்கே சில நாள் ஆகும். கடைசி வேலைக்கு வாரக் கணக்கில் ஆகும். ஜீப்பைப் போல இதை வேகமாக ஓட்ட முடியாது. உடற்பயிற்சியாலும் இதைத் துரிதப்படுத்த முடியாது. ஓட்டக்காரனுக்கு வரலாம், தொப்பைக்காரனுக்கு வராமலிருக்கலாம். போதாக்குறைக்கு, பலசாலி வேகமாக ஏறுகிறான். வலியை வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். ஆகவே அவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இந்தப் பாடத்தை நம் நாடு பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1962-ம் ஆண்டு சீன யுத்தத்தின்போது சமவெளியிலிருந்து நம் போர்வீரர்களைத் திடீரென்று மலை உச்சிகளுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அவர்களில் 1,900-க்கும் மேற்பட்டவர்களின் நோயை ஆராய்ந்து, இந்தர் சிங் என்ற ராணுவ டாக்டரும் அவருடைய சகாக்களும் 1969-ல் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் டாக்டர்கள் எடுத்துக்காட்டும் கட்டுரைகளில் ஒன்றாயிற்று.

ஆக, மலை நோய்க்கு விதிகள் எளியவை. 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு படுக்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை, ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் உயரமாக ஏறலாம். இரவில் தாழ்வாக இறங்கிப் படுக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் இருக்கும்போது மேலே ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. தள்ளாட்டம், மனக் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நுரையோடு இருமல்—இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கீழே இறங்க வேண்டும். இரவானாலும் சரி, மழையானாலும் சரி.

அஸிட்டஸோலமைட் என்ற மாத்திரை உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆகவே டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவியையும் கொண்டுபோகலாம். ஆனால் கருவி காட்டும் எண்ணைவிட ஆசாமியின் நடையைப் பார்ப்பதே முக்கியம்.

நாள் கணக்கு

இவ்வளவும் படித்த பிறகுதான் படத்தை மறுபடியும் விரித்தேன். இந்தத் தடவை முதலில் எழுதியது சாமான் பட்டியல் அல்ல, நாள் கணக்கு.

ஜீப் 1,860 மீட்டரிலுள்ள தாராபானி வரையில் மட்டும். பிறகு கால் நடை. சாமேயில் ஓர் இரவு. மேல் பிசாங்கில், சுமார் 3,300 மீட்டரில், ஓர் இரவு. அங்கிருந்து மனாங்குக்குத் தாழ்வான சாலையும் உண்டு. க்யாரு, ஙாவல் கிராமங்கள் வழியாக உயரமான பாதையும் உண்டு. உயரமான பாதை முதுகை ஒடிக்கும். ஆனால் உடம்பைப் பழக்கும். ஆகவே ஙாவலில் ஓர் இரவு. மனாங்கில் இரண்டு முழு நாள் தங்கல். பகலில் கங்காபூர்ணா பனியாற்றின் ஏரிக்கு மேலே ஏறி இறங்குதல். பிறகு யாக் கர்க்கா, பேடி, கணவாய், முக்திநாத். இவற்றுக்கு மேலே, வெறுமனே கையில் வைத்திருக்க மூன்று நாள்.

இந்த மூன்று நாள்தான் திட்டத்தின் உயிர். கையில் உபரி நாள் இல்லாதவன் தலைவலியை அஜீரணம் என்கிறான். நாங்கள் அப்படித்தான் சொன்னோம்.

"ஏன் கிழக்கிலிருந்து ஏற வேண்டும்? முக்திநாத்தில் சுவாமி தரிசனம் செய்துவிட்டு அந்தப் பக்கமாக ஏறினால் என்ன?" என்று கேட்டாள் மனைவி. நல்ல கேள்வி. முக்திநாத்திலிருந்து கணவாய்க்கு ஏறினால் ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் ஏற்றம். நடுவில் தங்க வசதியான இடங்களும் குறைவு. ஆகவேதான் பெரும்பாலோர் கிழக்கிலிருந்து வருகிறார்கள்.

மாதம் எது? அக்டோபர், நவம்பர், அல்லது மார்ச் முதல் மே வரை. ஆனால் நல்ல மாதத்திலும் மலையை நம்பிவிடக் கூடாது. 2014-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய 'ஹூத்ஹூத்' புயலை மறந்திருக்க மாட்டீர்கள். நம் வங்காள விரிகுடாவில் பிறந்த அந்தப் புயல் இரண்டே நாளில் வடக்கே போய், 14-ந் தேதி அன்னபூர்ணா பிரதேசத்தில் பனியாகக் கொட்டியது. தொரங் லாவிலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எச்சரிக்கை வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே கணவாய்க்குப் போகிறவன் நேபாளத்து வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்!

படிகளும் மூட்டையும்

பயிற்சி மலை நோயைத் தடுக்காது என்றேன். ஆனால் முழங்காலைக் காப்பாற்றும். கணவாயிலிருந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் இறங்க வேண்டுமே! ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், பரங்கிமலைப் படிகளை முதுகில் எட்டுக் கிலோ மூட்டையுடன் ஏறி இறங்கினேன். மாதம் ஒரு முறை அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. பெருமாள் தரிசனமும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று. புதுப் பூட்ஸை அந்தப் படிகளிலேயே பழக்கினேன். கடையில் வாங்கிய பூட்ஸை நேரே மலைக்குக் கொண்டுபோகிறவனைக் கொப்புளம் இரண்டாம் நாளே உட்கார வைத்துவிடும்.

மூட்டையில் பருத்தித் துணிக்கு இடமில்லை. அது வியர்வையைக் குடித்துக்கொண்டு உலராமல் குளிரைக் கொடுக்கும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி; அதன்மேல் தடித்த கம்பளி; அதன்மேல் இறகு அடைத்த கோட்டு; எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஓர் உறை. பனியில் வெயில் பட்டால் கண் அவிந்து போகும். ஆகவே கறுப்புக் கண்ணாடி. நவம்பரில் பேடியில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் போகும். ஆகவே நல்ல படுக்கைப் பை.

கையுறை மட்டும் இரண்டு ஜோடி. காரணம் சொல்கிறேன். 1950-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி அன்னபூர்ணாவின் 8,091 மீட்டர் சிகரத்தை மோரிஸ் எர்ஸோக், லூயி லாஷெனால் என்ற பிரெஞ்சுக்காரர்கள் அடைந்தார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர்கள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. இறங்கும்போது எர்ஸோக் கையுறைகளைத் தவறவிட்டார். உறைபனி அவருடைய விரல்களைத் தின்றுவிட்டது. ஒரு ஜோடிக் கையுறையின் விலை அது!

என் மனைவி தன் பங்குக்கு ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வைத்தாள். முதலில் சிரித்தேன். உயரத்தில் பசி செத்துப் போகும். எதைக் கண்டாலும் வேண்டாம் என்றிருக்கும். பேடியில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாவிட்டால் சோறு வேகவே வேகாது. அப்படி வெந்த சோற்றில் அந்தப் புளிக்காய்ச்சலைக் கலந்தபோது, சிரித்ததற்காக மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியருக்கு நேபாளம் போக விசா வேண்டாம்; பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். கோரக்பூர் வரை ரயிலில் போய், சோனவ்லி எல்லையைத் தாண்டிப் பஸ்ஸில் போகலாம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பிரதேசத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டு நடைப் பிரயாணிகள் வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி செய்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சின்ன எழுத்துக்களைப் படியுங்கள்: 5,416 மீட்டர் உயரத்துக்கும், ஹெலிகாப்டரில் தூக்கி வருவதற்கும் அது பணம் கொடுக்குமா? சுமை தூக்க ஆள் அமர்த்தினால், அவருக்கும் பூட்ஸும் கோட்டும் இன்ஷூரன்ஸும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலை நோய்க்கு எஜமான், சுமையாள் என்ற பேதம் கிடையாது.

அந்தப் பக்கம்

2023-ம் ஆண்டு நவம்பரில் புறப்பட்டேன். மைத்துனன் வந்தானா என்று கேட்கிறீர்களா? வந்தான்! ஒரு முறை படுத்தவனுக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதால், டாக்டரின் யோசனைப்படி மாத்திரையோடு வந்தான். இம்முறை என் பின்னால்தான் நடப்பது என்று அக்காவிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தான்.

மனாங்கில் இரண்டாம் நாள் எனக்குத்தான் தலை கனத்தது. பெட்டியில் வைத்திருந்த உபரி நாளில் ஒன்றை எடுத்துச் செலவழித்தேன். மறுநாள் தலை தெளிந்தது. பேடியில் அதே விடுதி, அதே விடுதிக்காரர். மைத்துனனை அடையாளம் கண்டுகொண்டு, ஒன்றும் பேசாமல் தரையில் அந்தப் பலகைக் கோட்டைக் காட்டினார். அவன் குதிகாலும் விரலும் தொட நேராக நடந்து காட்டினான். விடுதிக்காரர் அவன் தோளைத் தட்டிவிட்டுத் தேநீர் கொண்டுவந்தார்.

முற்பகலுக்குப் பிறகு கணவாயில் காற்று சீறும் என்பதால் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பத்தடி நடை, இரண்டு மூச்சு. பத்தடி நடை, மூன்று மூச்சு. ஒன்பது மணிக்குக் கொடிகள் படபடக்கும் உச்சியில் நின்றோம். அங்கே பத்து நிமிஷம்தான் இருந்தோம். அதற்காக எட்டு மாதம் தயார் செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் என் பக்கத்தில் நின்றவன், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை நன்றாக அறிந்திருந்தான்!

முக்திநாத்தில் என் மனைவி காத்திருந்தாள். போக்ராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோமுக்கு வந்தவள் அவள். 800 மீட்டர் உயரத்திலுள்ள போக்ராவிலிருந்து விமானத்தில் கிளம்பி, ஜீப்பில் ஏறி, அதே நாளில் 3,700 மீட்டருக்கு மேலுள்ள முக்திநாத்துக்குப் போய்விடுகிறார்கள் நம் யாத்திரிகர்கள். வயதானவர்களையும் அப்படியே அழைத்துப் போகிறார்கள். என் மனைவி அப்படிச் செய்யவில்லை. பக்கத்திலுள்ள மார்பாவில் இரண்டு இரவு தங்கி, ஆப்பிள் தின்று, மெதுவாக வந்தாள். சாளக்கிராம யாத்திரைக்குப் பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள் எல்லாரும் இந்த இரண்டு இரவைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயிலின் 108 நீர்த் தாரைகளிலும் தலையைக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் பனிக்கட்டி உருகிய ஜலம். என் தாயாரை நினைத்துக்கொண்டேன்.

நடுங்கிக்கொண்டு வந்தவனிடம் துண்டை நீட்டிவிட்டு, மனைவி முதலில் தன் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"திட்டப்படி இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதே! என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டாள்.

"சும்மா இருப்பதாக உத்தேசம்" என்றேன்.

அன்றுதான், ஒரு வருஷத்துக்குப் பிறகு, அவள் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.